கல்யாண வீட்டில் இரண்டாவது கேமரா: சீனியரிடம் எதைக் கற்பது, எப்படிக் கற்பது?

கேள்வி: "என்ட்ரி லெவல் கேமராவும் 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். யூடியூப் வீடியோ நிறைய பார்த்தாயிற்று. பணம் கட்டி கோர்ஸ் சேர வசதியில்லை. தொழிலில் இருக்கும் கல்யாண போட்டோகிராபர்களிடம் போய்க் கற்றுக்கொள்ள முடியுமா? எப்படி அணுகுவது, கூடப் போனால் எதைக் கவனிப்பது?"

முடியும். தமிழ்நாட்டில் இன்று கல்யாணம் எடுத்துக்கொண்டிருக்கும் பலரும் லைட் பிடித்தும், ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை பார்த்தும் வந்தவர்கள்தான். ஆனால் கூடப் போகும் புதியவர்களில் நிறைய பேர் "அண்ணா, இதுக்கு என்ன செட்டிங்?" என்று கேட்டே இரண்டு சீசனை ஓட்டிவிடுகிறார்கள். மண்டபத்துக்கான செட்டிங்கை ஒரு பத்தியில் எழுதிவிடலாம், கீழே எழுதியும் இருக்கிறேன். சீனியர் பக்கத்தில் நின்றால் மட்டுமே கிடைப்பது வேறு: அவர் எந்த இடத்தில் நிற்கிறார், அந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் முன்னால் போனார், போவதற்கு முன் யாரிடம் என்ன பேசினார். வேலை முடிந்தபின் அவர் எடுத்த எல்லா ஃபிரேம்களையும், நல்லது கெட்டது சேர்த்து, பார்க்கக் கிடைத்தால் அது எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. இந்த இரண்டுக்காகத்தான் போகிறீர்கள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எப்போது கேட்பது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைக்க மாட்டார்கள். இந்த மாதங்களில் போட்டோகிராபர்கள் பழைய ஆல்பம் பாக்கியை முடித்துக்கொண்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பார்கள். போய்ப் பேச அதுதான் சமயம். வேலை கிடைப்பது ஆவணி, தை, வைகாசி மாதிரி மாதங்களில். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் ஒரே ஸ்டுடியோ ஒரே நாளில் இரண்டு மூன்று டீம் அனுப்பும். அன்றைக்கு ஆள் பஞ்சம். காலண்டரைப் பார்த்து, "ஆவணியில் இந்த மூன்று முகூர்த்தத்துக்கு நான் ஃப்ரீ" என்று ஆடியிலேயே தேதியோடு சொல்லி வைப்பவருக்குத்தான் போன் வரும். "வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள் சார்" என்று பொதுவாக அனுப்பும் மெசேஜுக்குப் பதில் வராது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போன் செய்யவே கூடாது.

என்ன அனுப்புவது? அழகான பத்து படம் வேண்டாம். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்போ காதுகுத்தோ ஒன்றை முழுதாக எடுத்து, வரிசை மாறாமல் 60, 70 படம் ஒரு லிங்க்கில் அனுப்புங்கள். எல்லா உறவுகளும் விழுந்திருக்கிறார்களா, முக்கியமான கட்டங்களில் ஓட்டை இருக்கிறதா, ஒரே ஹாலில் எடுத்த படங்களின் நிறம் ஒன்றுபோல் இருக்கிறதா என்றுதான் அனுபவஸ்தர் பார்ப்பார். கையில் என்ன கேமரா, எத்தனை கார்டு, ஃபிளாஷ் உண்டா, பைக் உண்டா என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பைக் என்பது சிரிப்பதற்கில்லை. விடிகாலை 4.30 முகூர்த்தத்துக்கு 3 மணிக்கு மண்டபத்தில் நிற்க வேண்டும், பஸ் கிடைக்காது.

முதல் ஐந்தாறு வேலை லைட் பிடிப்பதாகவே இருக்கட்டும். லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்பவர், ஒளியை ஒரு அடி நகர்த்தினால் முகத்தில் என்ன ஆகிறது என்பதை ஒரே இரவில் நூறு தடவை பார்க்கிறார். கேமரா கையில் இருந்தால் இது கண்ணில் படாது. பணம் விஷயத்தைக் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று வேலை சாப்பாடு, போக்குவரத்து, சின்ன பேட்டாவோடு போகலாம். அதற்கு மேல் ஓசியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை.

சாமான் பற்றிக் கொஞ்சம். கிட் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப் 5.6தான் திறக்கும் (எஃப் எண் சின்னதானால் லென்ஸ் அகலமாகத் திறந்து ஒளி அதிகம் வரும்). சீனியர் 24-70 லென்ஸை எஃப் 2.8இல் வைத்து ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை வாங்கும் அளவு) 1600இல் எடுப்பதை நீங்கள் எடுக்க ஐஎஸ்ஓ 6400 வேண்டும். சின்ன சென்சாரில் அது மணல் மணலாக வரும். இதற்காக 70-200 வாங்கக் கடன் வாங்காதீர்கள். 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று (கிராப் சென்சாரில் அது கிட்டத்தட்ட 50 எம்எம் போலப் பார்க்கும், மண்டப அறைக்குள் அதுதான் உதவும்), தலையைத் திருப்பக்கூடிய ஃபிளாஷ் ஒன்று, அதைத் தள்ளி நின்று அடிக்க வைக்கும் ட்ரிக்கர் ஒன்று. முதல் வருடத்துக்கு இது போதும். மற்றதை வாடகைக்கு எடுங்கள். பெரிய முகூர்த்தத்துக்கு முன் வாடகைக் கடையிலும் எல்லாம் காலியாகிவிடும், வாரம் பத்து நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

இப்போது செட்டிங். எல்லாம் மேனுவலில். ரிசப்ஷன் மேடையில் ஜோடியோடு வரிசையாக வருபவர்களை எடுக்க எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/125 விநாடி, ஐஎஸ்ஓ 800, இரண்டு பக்கமும் குடையோ சாஃப்ட்பாக்ஸோ போட்ட ஃபிளாஷ். மூன்று வரிசை நின்றால் எஃப் 8. முகூர்த்தத்துக்கு எஃப் 2.8 முதல் 4, 1/200 அல்லது 1/250, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஃபிளாஷ் 1/8 பவருக்கு மேல் போகாமல். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாமல் மண்டப விளக்கைப் பார்த்து 4000 முதல் 4800 கெல்வினுக்குள் ஒன்றில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் சிவப்புப் பட்டு வரும்போது ஒரு நிறம், வெள்ளை வேட்டி வரும்போது ஒரு நிறம் என்று ஆடும். அவ்வளவுதான்.

இந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கும் வில்லங்கங்களைச் சீனியரிடம் கேளுங்கள், அது கேட்கத் தகுந்த கேள்வி. உதாரணமாக எல்ஈடி விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்ஈடி பல்பு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். 1/100, 1/50இல் படம் சுத்தமாக வரும், 1/250க்குப் போனால் ஒரு ஃபிரேம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் போட்டால் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்ஈடி திரை இன்னொரு தொல்லை. அதன் கோடு பல்பின் கணக்குப்படி வராது, மண்டபத்துக்கு மண்டபம் மாறும். அதனால் சீனியர்கள் கூட்டம் வருவதற்கு முன்பே காலி மேடையை மூன்று நான்கு ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். புதியவர் அந்த நேரத்தில் மணமகள் அறைக் கதவருகே நின்றுகொண்டிருப்பார்.

பவுன்ஸ் ஃபிளாஷும், அதாவது ஒளியைக் கூரையில் அடித்துத் திருப்பி வாங்குவதும், அப்படித்தான். வீட்டு ஹாலில் கூரை 10 அடி, தலையை மேலே திருப்பினால் மெத்தென்று ஒளி வரும். மண்டபத்தில் கூரை 20 அடிக்கு மேல், போதாததற்குப் பச்சையும் மஞ்சளுமாகத் துணிப் பந்தல். ஒளி திரும்பி வராது, வந்தாலும் துணியின் நிறத்தோடு வரும். அங்கே பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைத்த ஃபிளாஷ்தான் வழி.

இனி முகூர்த்தம். எல்லாவற்றையும்விட இதைத்தான் கண்கொட்டாமல் கவனிக்க வேண்டும். கெட்டிமேளம் தொடங்கி மூன்றாவது முடிச்சு விழும்வரை பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கான வேலை இருபது நிமிடம் முன்பே தொடங்கிவிடும். நல்ல போட்டோகிராபர் முதலில் புரோகிதரிடம் போவார்: "சாமி, தாலி கட்டுறப்போ மாப்பிள்ளை உட்கார்ந்தே கட்டுவாரா, எழுந்து நிப்பாரா?" ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருப்பாள், மாப்பிள்ளை எதிரே நின்று கட்டுவார். மற்ற பல வீடுகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் திரும்பிக் கட்டுவார். நிற்க வேண்டிய இடமே இதனால் மாறிவிடும். மாப்பிள்ளையின் முழங்கை பெண் முகத்தை மறைக்காத பக்கம் எது என்பதுதான் கேள்வி. அடுத்து நாத்தனார் யார், எந்தப் பக்கம் நிற்கப்போகிறார் என்று விசாரிப்பார். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மீதி இரண்டையும் நாத்தனார் பின்னாலிருந்து போடும் வீடுகள் நிறைய. அந்தக் கைகளும் படத்தில் வேண்டும்.

மூன்றாவதாக வீடியோக்காரர். அவருக்கும் அதே இடம்தான் வேண்டும். "நீங்க நடுவுல இருங்க, நான் உங்க இடது பக்கம் முட்டி போட்டுக்கறேன்" என்று முன்கூட்டியே பேசிவிட்டால் சண்டை இல்லை. உங்கள் ஃபிளாஷ் அவருடைய வீடியோவில் பாதி ஃபிரேமை வெள்ளையாக்கும், அதையும் அவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். அவருடைய விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதை அளந்து, ஐஎஸ்ஓவை ஏற்றி, ஃபிளாஷ் இல்லாமலே முகூர்த்தத்தை முடிக்கும் சீனியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சிதான். ஃபிளாஷ் போட்டே தீருவேன் என்றால் பவரைக் குறைத்து வையுங்கள். ஏஏ செல் போட்ட ஃபிளாஷ் முழு பவரில் அடித்துவிட்டு மறுபடி தயாராக 2 விநாடிக்கு மேல் எடுக்கும். தாலி எடுத்ததில் ஃபிளாஷ் வந்து, முடிச்சு போட்டதில் வராமல் கறுப்பாகப் போன படங்களுக்கு அதுதான் காரணம்.

அப்புறம் மாலை. கனத்த ரோஜா மாலை கழுத்தையே மூடியிருக்கும், தாலியும் தெரியாது, விரலும் தெரியாது. முகூர்த்தத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் அக்காவிடமோ சித்தியிடமோ "மாலையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லி வைப்பது ஒரு வாக்கியம்தான். மறந்தால் எந்த மென்பொருளும் திருத்தாது.

அட்சதை விழும்போது என்ன ஆகும் தெரியுமா? லென்ஸுக்கு அருகில் பறக்கும் அரிசியில் ஃபோகஸ் போய் மாட்டிக்கொள்ளும், ஃபிளாஷ் அந்த அரிசியை வெள்ளைப் பொட்டுகளாக எரித்து முகத்தின் மேல் ஒட்டிவிடும். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின்பக்கப் பட்டனில் வைத்திருப்பவர்கள், முகத்தில் ஃபோகஸ் பிடித்தபின் அந்தப் பட்டனை விட்டுவிட்டு இதிலிருந்து தப்பிப்பார்கள். லென்ஸைத் திறந்து போடுவதிலும் அளவு வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 2 மீட்டரிலிருந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். பெண் முகம் பளிச்சென்று இருக்கும், அரை அடி பின்னால் இருக்கும் மாப்பிள்ளை கலங்கிப் போயிருப்பார். கேண்டிட் என்று சொல்லிக்கொண்டு தாலி கட்டும் படத்தை இப்படிக் கெடுத்தவர்கள் ஏராளம்.

இரண்டாவது கேமராவாக உங்கள் வேலை என்ன? சீனியர் தோளுக்குப் பின்னால் நின்று அவர் எடுப்பதையே எடுப்பது அல்ல. அதே படம், அவருடையதைவிட மட்டமான லென்ஸில் கிடைக்கும், அவ்வளவுதான். அவர் கழுத்தையும் கைகளையும் பார்க்கும்போது நீங்கள் பெண்ணின் அம்மாவைப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் மண்டபமே தாலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், அம்மா அழுவதைப் பார்க்க வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கீழே இறங்கி, தவில்காரர் பக்கமிருந்து கூட்டம் கையுயர்த்தி அட்சதை போடுவதை வைடில் ஒன்று. எல்லோர் கையிலும் மொபைல் உயர்ந்து நிற்கும், அதையும் சேர்த்தே எடுங்கள், இன்றைய கல்யாணம் அப்படித்தான் இருக்கிறது.

தாலி முடிந்ததும் புதியவர் செய்யும் தவறு, தலையைக் குனிந்து திரையில் படத்தைப் பார்ப்பது. அதற்குள் பாணிக்கிரகணம் போய்விடும். அம்மி மிதிக்கும்போது கேமரா தரையோடு இருக்க வேண்டும், மெட்டி போடும் விரல்தான் படம். அருந்ததி பார்க்க வாசலுக்குக் கூட்டிப்போவார்கள். இருட்டு மண்டபத்துக்குள் வைத்த ஐஎஸ்ஓ 3200ஓடு வெயிலுக்குள் போனால் முழுதும் வெளுத்துவிடும். சீனியர்கள் ஜோடிக்கு முன்னால் ஓடி வாசலில் நின்று செட்டிங்கை மாற்றிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். மனை போட்ட மேடையில் செருப்புக் காலோடு ஏற முடியாது, இத்தனை ஓட்டத்தில் லேஸ் ஷூவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. சாதாரணச் செருப்பு போதும்.

ரிசப்ஷன் பலருக்குச் சலிப்பு. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் வரிசையாக ஆட்கள். ஆனால் ஆல்பம் கையில் கிடைத்ததும் குடும்பம் முதலில் தேடுவது இந்தப் படங்களைத்தான். தாய்மாமன் படம் இல்லை என்றால் மற்ற எந்தக் கலைப்படத்தையும் காட்டிச் சமாளிக்க முடியாது. சீனியர் இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவரைப் பிடித்து வைத்திருப்பார், பெரும்பாலும் ஒரு சித்தியோ அத்தையோ, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆள். யார் வந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். அந்த ஆளை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள். ஜோடி நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி வைப்பது, குரூப்புக்கு மூன்று படத்துக்குக் குறையாமல் எடுப்பது (யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார்), "இங்க பாருங்க" என்று ஒருவர் மட்டும் குரல் கொடுப்பது என்று சின்னச் சின்ன ஒழுங்குகள் இதில் நிறைய. நீங்களும் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தால் பாதி ஆட்கள் உங்களைப் பார்ப்பார்கள், சீனியர் படம் கெடும்.

மணமகள் அறை தனி விஷயம். ஆண் போட்டோகிராபர் தானாக உள்ளே போகக்கூடாது. மேக்கப் செய்பவர் மூலம் கேட்டு, புடவை கட்டி முடித்தபின் கூப்பிடச் சொல்ல வேண்டும். நகை, புடவை, மருதாணிக் கை, அம்மா பூ வைப்பது எல்லாம் பத்து நிமிடத்தில் முடியும். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அறை டியூப்லைட்டை அணைக்கச் சொன்னால் நிறம் ஒன்றாகும். டீமில் பெண் ஒருவர் இருந்தால் இந்த வேலை அவருக்குத்தான். தொழிலுக்கு வர நினைக்கும் பெண்களுக்கு டீம்களில் தேவை அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொருவர் வேலைக்குப் போகும்போது சில கட்டுப்பாடுகள் உண்டு, இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த போன் வராது. காலையில் முதல் வேலையாக இரண்டு கேமராவின் நேரத்தையும் விநாடி வரை ஒன்றாக்குங்கள். ஒரே மொபைல் கடிகாரத்தை இரண்டு கேமராவிலும் ஒரு படம் எடுத்து வைத்தால், நேரம் தப்பியிருந்தாலும் பிறகு லைட்ரூம் மென்பொருளில் அந்த வித்தியாசத்தைக் கொடுத்துச் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் மூவாயிரம் படத்தில் உங்கள் தாலி அவருடைய காப்புக் கட்டுக்கு முன்னால் போய் நிற்கும். ஃபிளாஷ் சேனலை மாற்றுங்கள். கோடாக்ஸ் கம்பெனி ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேனல் 1இலேயே விட்டிருப்பார்கள், அதில் 32 சேனல் இருக்கிறது. ஒரே சேனலில் இருந்தால் நீங்கள் அழுத்தும்போது சீனியர் ஃபிளாஷ் அடிக்கும், அவருக்குத் தேவைப்படும்போது அது தயாராக இருக்காது. கார்டுகளுக்கு எண் ஒட்டுங்கள். கேமராவில் எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் பதியும் மூலப் படம்) ஒன்று சுமாராக 25, 30 எம்பி வரும், 64 ஜிபி கார்டில் இரண்டாயிரத்துக்குப் பக்கம் கொள்ளும். இடம் பற்றாமல் போகாது. இரண்டு டிஸ்க்கில் காப்பி ஆகி, இரண்டிலும் திறந்து பார்க்கும்வரை கார்டை ஃபார்மட் செய்யக்கூடாது.

விசிட்டிங் கார்டு கொடுப்பது, "தம்பி, என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வருவீங்களா?" என்று கேட்கும் மாமாவிடம் நம்பர் பகிர்வது, இரண்டும் கூடாது. சீனியர் நம்பரைக் கொடுங்கள். படங்களை இன்ஸ்டாவில் போடுவதையும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். மரியாதைக்காக மட்டுமல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஷட்டரை அழுத்தினவர் என்பதால் உங்களுடையது ஆகிவிடாது. போர்ட்ஃபோலியோவுக்கு எத்தனை படம், எப்போது, யார் பெயரோடு போடலாம் என்பதை வேலைக்கு முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அசல் வகுப்பு. "முழு டேட்டாவையும் உங்க சிஸ்டத்திலேயே உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். நல்ல படம், கெட்ட படம் பிரித்துக் கொடுக்கும் வேலையை நான் செய்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலோர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள், அந்த வேலை யாருக்கும் பிடிக்காது. முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னுமாகப் பத்து நிமிடத்தை மட்டும் எடுத்து, இருவர் படங்களையும் நேர வரிசையில் அடுக்குங்கள். அவர் எந்த விநாடியில் இடம் மாறினார், அப்போது நீங்கள் என்ன எடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று பளிச்சென்று தெரியும். லைட்ரூமின் லைப்ரரி ஃபில்டரில் லென்ஸ், ஃபோக்கல் லெங்த் போட்டுப் பார்த்தால், கல்யாணத்தின் பெரும்பகுதியை அவர் எந்த இரண்டு எம்எம் அளவில் முடித்திருக்கிறார் என்று கணக்கு வந்துவிடும். அடுத்து என்ன லென்ஸ் வாங்குவது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. கருத்துக் கேட்கும்போதும் "எப்படி இருக்கு அண்ணா?" வேண்டாம், "நல்லா இருக்குடா" என்றுதான் பதில் வரும். ஒரே தருணத்தின் மூன்று படத்தை வைத்து, "இதுல ஆல்பத்துக்கு எதை எடுப்பீங்க, மத்த ரெண்டும் ஏன் வேண்டாம்?" என்று கேட்டால் அவரும் யோசித்துத்தான் சொல்லியாக வேண்டும்.

போட்டோகிராபர்களைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒருவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: ஆல்பம் டிசைனர். பல ஊர் ஆட்களின் படங்கள் அவர் கையில்தான் வந்து சேர்கின்றன. எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விரித்தால் 12க்கு 36 அங்குலம் வரும் ஷீட்டுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 10800க்கு 3600 பிக்சல் வேண்டும். உங்கள் 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 பிக்சல்தான். முழு ஷீட்டுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 166 பிக்சல் மட்டும் மிஞ்சும், படத்தின் உயரத்தில் பாதி வெட்டுப்படும். அதனால்தான் மண்டபத்தின் வைட் படத்தில் மேலும் கீழும் இடம் விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். ஜோடியை நட்டநடுவில் வைத்தால் மடிப்பு இருவருக்கும் இடையே, அல்லது ஒருவர் மூக்கின் மேல் விழும். கை, பாதம் வெட்டுப்பட்ட குரூப், செங்குத்துப் படமே இல்லாத கல்யாணம், பின்னணிக்குப் போட ஒரு கோலமோ குத்துவிளக்கோ தனியாக எடுக்காதது என்று அவருடைய புலம்பலை அப்படியே எழுதி எடுத்து வந்தால் அடுத்த கல்யாணத்துக்கு அதுவே உங்கள் பட்டியல்.

ஒரே சீனியரிடம் வருடக்கணக்கில் நிற்காதீர்கள். அவர் எடுக்கும் சமூகத்துக் கல்யாணம் மட்டும்தான் உங்களுக்கும் தெரியும். கொங்குப் பக்கம் அருமைக்காரர் நடத்தும் சடங்குகளும் மாப்பிள்ளையின் சகோதரிக்கான இணைச்சீரும் வரிசை வேறு. செட்டிநாட்டில் தாலி கட்டுவது திருப்பூட்டுதல், அதற்கான பெரிய தங்கத் தாலி கழுத்துரு. நிக்காஹ்வில் ஆண்கள் பெண்கள் தனித்தனி, பெண் பக்கம் படமே வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் உண்டு, முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்ச்சில் பீடத்துக்கு அருகே எதுவரை வரலாம், ஃபிளாஷ் போடலாமா என்பதைப் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முந்தின நாளே பேச வேண்டும். 1967 சட்டத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் சட்டப்படி செல்லும் சுயமரியாதைத் திருமணத்தில் ஓமமும் இல்லை, அம்மியும் இல்லை. ஒரு மணி நேரம் வாழ்த்துரை, பிறகு மாலை மாற்றுவது சில விநாடி. மற்ற கல்யாணத்தில் ஒன்றைக் கோட்டை விட்டால் அடுத்த சடங்கு இருக்கிறது, இங்கே கிடையாது.

பணம் கட்டும் ஒர்க்ஷாப்புகள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாடல் ஜோடியை நிறுத்தி, லைட்டும் அவர்களே வைத்து, இருபது பேர் சுற்றி நின்று எடுக்கும் வகுப்பில் கிடைப்பது அவர்கள் லைட்டில் நீங்கள் அழுத்திய படம். அதே உடை, அதே ஜோடி பத்து பேர் போர்ட்ஃபோலியோவில் இருக்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். சேரும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரு முழுக் கல்யாணத்தின் ரா படங்களைத் திறந்து காட்டுவீர்களா? ஆம் என்றால் காசு கொடுக்கலாம்.

தனியாக எடுக்க எப்போது தொடங்குவது? மஞ்சள் நீராட்டு, காதணி விழா, நிச்சயதார்த்தம் என்று ஒரு இரண்டாவது கேமராவோடு நாலைந்து முடித்தபின். என்ட்ரி லெவல் பாடிகளில் பெரும்பாலும் ஒரு கார்டு ஸ்லாட்தான். முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு ஸ்லாட் உள்ள பாடியை வாடகைக்கு எடுத்து, இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். முன்பணம் வாங்கும்போதே எத்தனை மணி நேரம், எத்தனை ஷீட் ஆல்பம், படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க அவர்களுக்கு எத்தனை நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதைப் பலரும் எழுதுவதில்லை, குடும்பம் ஆறு மாதம் கழித்து லிஸ்ட் அனுப்பும், ஆல்பத்துக்கான மீதிப் பணமும் அதுவரை நிற்கும். அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல் என்றால் யார் போவது என்பதற்கு இரண்டு பெயராவது கையில் வேண்டும். அந்தப் பெயர்கள் நீங்கள் லைட் பிடித்த காலத்தில் கூட நின்ற ஆட்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் தேதிக்கு நீங்கள் போயிருந்தால் உங்கள் தேதிக்கு அவர்கள் வருவார்கள்.